ஏழாம் எண் விசிறியைத் துடைத்தவர்

ஜப்பானின் சென்டாய் நகரில் புத்தாண்டு விடுமுறை முடிந்து ஜனவரி ஆறாம் தேதி வேலை தொடங்கியது. பல்கலைக்கழகப் பொறியியல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு வேன் நுழையுமளவு பெரிய இரும்புத் தொட்டி இருக்கிறது. அன்று காலை அதன் கதவை மூடி, உள்ளிருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார்கள். செவ்வாய்க் கோளில் எவ்வளவு காற்று உண்டோ அந்த அளவுக்கு மட்டும் கரியமில வாயுவை உள்ளே விட்டார்கள். பிறகு, செவ்வாய் விமானத்துக்காகச் செய்த ஏழாம் எண் விசிறியைச் சுழற்றினார்கள்.

டிசம்பரில் 412 கிராம் இழுத்த விசிறி, 361 கிராம்தான் இழுத்தது.

மறுபடி சுழற்றினார்கள். 360. மதியம் இன்னொரு முறை. 361.

கோடையில் வடக்கே ஹொக்கைதோ தீவின் கடற்கரையிலிருந்து ஒரு பலூன் முப்பத்தாறு கிலோமீட்டர் உயரத்துக்குப் போகும். அங்கே காற்று செவ்வாயில் இருப்பதைப் போலவே மெலிந்திருக்கும். பலூனிலிருந்து ஒரு சின்ன விமானத்தை அவிழ்த்துவிட்டு, அது பறக்கிறதா என்று பார்ப்பார்கள். யாருடைய விமானம் என்பதை முடிவு செய்யும் குழு ஜனவரி 24 அன்று வருகிறது. விசிறி 400 கிராமாவது இழுத்தால்தான் பேச்சு. இழுக்காவிட்டால் பலூன் வேறு ஊர்க்காரர்களுக்குப் போகும். கூடவே, ஷோஜி மினேகோவின் வேலை மார்ச் 31 அன்று முடியும்.

மினேகோவுக்கு ஐம்பத்தொரு வயது. ஆராய்ச்சியாளர் இல்லை. கார்பன் இழைத் தூண்டில் கம்பு செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் இழை சுற்றியவர். தொழிற்சாலை வெளிநாட்டுக்குப் போனபின், ‘மெல்லிய கார்பன் இழை கையாளத் தெரிந்தவர் தேவை’ என்ற விளம்பரத்தைப் பார்த்து இங்கே வந்தார். நேர்காணலில் கேள்வி கேட்டது அவர்தான்.

“செவ்வாயில காத்து இருக்கா என்ன?”

“இருக்கு. நம்ம காத்துல நூத்துல ஒரு பங்கு” என்றார் ஆய்வகத் தலைவர் உமெத்தானி.

“அப்ப விசிறி எதைப் பிடிச்சு இழுக்கும்?”

“அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கோம்.”

நாரா என்ற ஊரிலிருந்து வந்து இருபது வருடமாக இங்கே இருக்கும் உமெத்தானி, எல்லோருக்கும் சென்செய், அதாவது ஆசிரியர், அன்றே வேலையைக் கொடுத்துவிட்டார். இரண்டே இலைகள் கொண்ட விசிறி. அலகு என்று யாரும் சொல்வதில்லை, ஆய்வகத்தில் அதற்கு இலை என்றுதான் பெயர். ஒவ்வொன்றும் ஒன்றரைச் சாண் நீளம், பதினோரு கிராம் எடை. கையில் வைத்தால் காய்ந்த சருகு மாதிரிதான் இருக்கும். முதல் ஆறு விசிறிகளையும் மினேகோதான் செய்தார். ஆறுமே 360ஐச் சுற்றியே நின்றன. ஏழாவது டிசம்பர் 22 அன்று 412 காட்டியபோது, கணக்குப் பார்க்கும் ஆராய்ச்சி மாணவி நுமாகுரா சிஹிரோ நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அடுத்த இரண்டு நாளும் அதே எண் வந்தது. புது அச்சில் வார்த்த இலை, அதனால்தான் இந்த இழுப்பு என்று எல்லோரும் நம்பினார்கள்.

வேலை செய்கிற நேரம் போக மினேகோவுக்கு மற்றக் கோள்களின் மேலும் ஒரு கண் உண்டு. மதியச் சாப்பாட்டின்போது யாராவது கிடைத்தால் கேட்பார். வெள்ளியில் விசிறி எப்படிச் சுற்றும்? மெதுவாகச் சுற்றினாலே போதும், காற்று அவ்வளவு கெட்டி. ஆனால் ஈயம் உருகும் சூடு. வியாழனில்? பறக்கலாம், இறங்கத் தரை இல்லை. சனியின் நிலவான டைட்டனில்? அங்கேதான் சொகுசு: கனத்த காற்று, லேசான எடை, கையில் இறக்கை கட்டிக்கொண்டு மனிதனே பறக்கலாம்; குளிரில் விறைக்காமல் இருந்தால். பதில்களைக் கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம் எழுதி, வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைப்பார். நகரப் பேருந்து ஓட்டும் அவர் கணவர் தத்சுவோ பால் எடுக்கும்போதெல்லாம் அவற்றைப் படிப்பார்.

“டைட்டனுக்கு பஸ் விட்டா சொல்லு, நான் அந்த ரூட்டை எடுத்துக்கறேன். ஏறவும் ஆள் இருக்காது, சில்லறைக்குச் சண்டையும் இருக்காது.”

ஜனவரி இரண்டாம் வாரம் முழுக்க ஆய்வகம் குற்றவாளியைத் தேடியது. எடைக் கருவியைப் பிரித்துப் பார்த்தார்கள். மோட்டாரை மாற்றினார்கள். வாயுப் புட்டிகளின் தூய்மையைச் சோதித்தார்கள். பம்பைக் கழற்றி மாட்டினார்கள். எதிலும் கோளாறு இல்லை.

“சென்செய், எடைக் கருவியை நாலு தடவ சரிபார்த்துட்டேன். அது பொய் சொல்லல” என்றாள் சிஹிரோ.

“அப்ப டிசம்பர்ல சொன்னதுதான் பொய்.”

“மூணு நாளும் ஒரே பொய்யையா சொல்லும்?”

“நல்ல பொய்க்காரன் அப்படித்தான் சொல்லுவான்.”

17ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலைக்குள் எண் திரும்பாவிட்டால், டிசம்பர் முடிவைத் திரும்பப் பெறுவதாகக் குழுவுக்குக் கடிதம் எழுதிவிடலாம் என்று உமெத்தானி முடிவு செய்தார்.

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பதிவேடு தொங்கும். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால், ‘சென்ற சோதனைக்குப் பின் செய்த மாற்றங்கள்’ என்ற கட்டத்தை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். ஜனவரி ஆறாம் தேதிப் பக்கத்தில் ‘எதுவும் இல்லை’ என்று எழுதி மூன்று பேரும் கையெழுத்திட்டிருந்தார்கள். 16ஆம் தேதி வியாழக்கிழமை காலை மினேகோ அந்தப் பக்கத்தைப் படித்தார். இன்னொரு முறையும் படித்தார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த வேறொரு தாளைப் பார்த்தார். அது டிசம்பர் 28ஆம் தேதிப் பெருந்துப்புரவுப் பட்டியல்.

ஆண்டின் கடைசி வேலை நாளில் இங்கே யாரும் வேலை செய்வதில்லை. வீடு, கடை, காவல் நிலையம், ஆய்வகம் என்று எல்லா இடத்திலும் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் புத்தாண்டை உள்ளே விடுவார்கள். மேசையடி, விளக்கு மேல்புறம், கதவிடுக்கு எதுவும் தப்பாது. அதை யாரும் ஒரு ‘மாற்றம்’ என்று நினைப்பதில்லை. குளித்துவிட்டு வருகிறவன் தான் வேறு ஆளாகிவிட்டதாகச் சொல்வதில்லையே, அதுபோல. பட்டியலில் உமெத்தானி பெயருக்கு நேராக ஜன்னல்கள், சிஹிரோவுக்கு நேராகத் தரை. மினேகோவுக்கு நேராக: தொட்டியின் உட்புறம், தாங்கி, விசிறி.

விசிறியைத் தொட்டால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது ஆய்வகத்தின் முதல் விதி. அவர் அதைத் தொட்டது மட்டுமில்லை, எரிசாராயத்தில் நனைத்த துணியால் இலை இலையாகப் பளபளவென்று துடைத்திருந்தார்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த வாளியை இழுத்தார். டிசம்பர் 28 அன்று மாலை, உறைந்து வெடிக்காமலிருக்கக் கட்டடத்துக் குழாய்களிலிருந்து தண்ணீரை வடித்துவிட்டார்கள். அதனால் துடைத்த துணிகளைத் துவைக்க முடியவில்லை. அப்படியே வாளியில் போட்டிருந்தார். பழைய துண்டுகளை மடித்து அவரே தைத்த துணிகள் அவை. தரைக்கு நீல நூல், மேசைக்குப் பச்சை, விசிறிக்குச் சிவப்பு. சிவப்பு நூல் துணியை விரித்தார். வெள்ளைத் துணியில் மங்கலான மஞ்சள் கோடுகள் இரண்டு, ஒவ்வொன்றும் ஒன்றரைச் சாண் நீளம்.

முகர்ந்து பார்த்தார். எங்கேயோ பழகிய வாசனை. துணியைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டில் தத்சுவோ மாலைச் சாப்பாட்டுக்கு மீன் வாட்டிக்கொண்டிருந்தார். “ஏங்க, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க” என்று துணியை நீட்டினார் மினேகோ.

“பொண்டாட்டி அழுக்குத் துணியை மோந்து பாக்கச் சொல்றா. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம்.” முகர்ந்தார். “கினாக்கோ.”

வறுத்த சோயா மாவு. மோச்சி என்ற அரிசி உருண்டையை அதில் புரட்டித் தின்பார்கள்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? கினாக்கோ, கூடக் கொஞ்சம் ஒட்டு டேப் பசை. யாரு செவ்வாய் விமானத்துக்கு மோச்சி ஊட்டினது?”

மினேகோ உட்கார்ந்துவிட்டார். பசை அவர் வைத்தது. வார்ப்பறையிலிருந்து தொட்டிக்குக் கொண்டுபோகும்போது அடிபடாமலிருக்க, இலைகளின் முன்விளிம்பை ஒட்டி மெல்லிய டேப் ஒட்டியிருந்தார். நான்கு நாள் அது அப்படியே இருந்தது. உரித்ததும் டேப்பின் உள்ளோரம் இருந்த இடத்தில் ஒரு கோடு பசை மிஞ்சியிருக்கும். அதன்மேல் கினாக்கோ வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை அவரே துடைத்தும் விட்டார்.

“நாளைக்குச் சொல்லாம இருந்தா?” என்றார் தத்சுவோ.

“டிசம்பர் எண்ணு பொய்னு கடிதம் போயிடும்.”

“சொன்னா?”

“விதியை மீறிட்டு, எதுவும் இல்லைன்னு கையெழுத்தும் போட்டிருக்கேன். மார்ச் வரைக்கும்கூட வெச்சுக்க மாட்டாங்க.”

“சொன்னா எண்ணு திரும்பி வருமா?”

“அது தெரியலயே. அதாங்க தெரிஞ்சாகணும்.”

தத்சுவோ மீனைத் திருப்பிப் போட்டார். “அப்ப ஏற்கெனவே முடிவு பண்ணிட்டே. சோறு போடு.”

வெள்ளிக்கிழமை காலை உமெத்தானி கடிதத்தின் முதல் பத்தியை எழுதி முடித்திருந்தார். மினேகோ மேசைக்கு முன்னால் நின்று இடுப்பை வளைத்து நீண்ட வணக்கம் செய்தார்.

“சென்செய், டிசம்பர் இருபத்தெட்டுல நான் விசிறியைத் துடைச்சேன். பதிவேட்டுல எழுதல.”

“துடைச்சா அழுக்குதானே போகும்? இழுப்பா போகும்?”

“இந்தத் துணியைப் பாருங்க. கினாக்கோ.”

உமெத்தானி துணியை வாங்கினார், முகர்ந்தார், அவசரமாக மேசைமேல் வைத்தார். அவருக்குப் பின்னால் சுவரில் அவர் கையாலேயே எழுதிய அறிவிப்பு இருந்தது: ‘தொட்டி அறைக்குள் உணவு கொண்டுவருபவர் ஆராய்ச்சியின் எதிரி.’

டிசம்பர் 22 அன்று கட்டட முற்றத்தில் மோச்சி இடித்தார்கள். சென்டாயில் மோச்சி என்றால் பச்சை சோயாவை அரைத்த விழுது தடவித்தான் தின்பார்கள். நாராக்காரரான உமெத்தானி மட்டும், பச்சைச் சுவர்ப்பூச்சு எனக்கு வேண்டாம் என்று சொல்லிக் கினாக்கோ டப்பாவை வீட்டிலிருந்தே கொண்டுவருவார். இருபது வருடமாக இதே கேலி.

“நான் முற்றத்துலயே சாப்பிட்டு முடிச்சிட்டேனே” என்றார்.

“முடிச்சீங்களா சென்செய்?” சிஹிரோ கைப்பேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். “அன்னைக்கு விசிறியைச் சுத்தறதுக்கு முன்னாடி நான் அதோட ஒரு படம் எடுத்தேன்.”

படத்தில் சிஹிரோ இரண்டு விரலை நீட்டிச் சிரிக்கிறாள். பின்னால் திறந்த தொட்டி. தொட்டிக்குள் விசிறி. விசிறிக்கு ஒரு முழம் தள்ளிக் காகிதத் தட்டும் கையுமாக உமெத்தானி. மேலுதட்டில் மஞ்சள் மீசை.

உமெத்தானி மேலுதட்டைத் தடவிக்கொண்டார்.

“நீ அப்ப ஏதோ ஜோக் சொன்னே” என்றார் உமெத்தானி கடைசியில். “வாயில மாவு இருந்தது. இருமிட்டேன்.”

“விசிறி மேலயா?”

“விசிறிப் பக்கமா.”

“அப்ப ஆராய்ச்சியோட எதிரி...”

“சிஹிரோ-சான், போதும்மா.” அவர் காது சிவந்திருந்தது. மினேகோ பக்கம் திரும்பினார். “ஷோஜி-சான், நீங்க துடைச்சதையும் நான் இருமினதையும் அப்புறம் பேசலாம். இப்ப எனக்கு ஒண்ணு தெரியணும். மாவு பூசின விசிறி எப்படிக் கூட இழுக்கும்?”

சிஹிரோதான் முதலில் யூகித்தாள். நம் காற்றில் ஓடுகிற விசிறிக்கு வழவழப்பு நல்லது. செவ்வாய்க் காற்று அவ்வளவு மெலிந்ததாயிற்றே, வழுக்கிக்கொண்டு போகிற காற்று பாதியிலேயே இலையின் முதுகை விட்டுப் பிரிந்துவிடும். பிரிந்த இடத்தில் இழுப்பு இல்லை. முன்னாலேயே ஒரு சொரசொரப்பு இருந்தால் காற்று இடறும், கலங்கும். கலங்கிய காற்று ஒட்டிக்கொண்டு கடைசிவரை போகும். “கோல்ஃப் பந்துல குழி இருக்கே, அந்த மாதிரி” என்றாள். ஆனால் அந்தக் கோடு எவ்வளவு மெல்லியதாக, எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது.

மினேகோ டீ வடிகட்டியை எடுத்தார். மோச்சி நாளில் மிஞ்சிய கினாக்கோ டப்பா உமெத்தானியின் இழுப்பறையிலேயே இருந்தது. இலை முழுக்கப் பசை தெளித்து மாவைச் சலித்தார். கதவை மூடி, பம்பை ஓட்டி, இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். தொட்டிக்குள் விசிறி சுற்றும்போது சத்தம் வெளியே வராது. உள்ளே சத்தத்தைச் சுமக்கப் போதுமான காற்று இல்லை. இரும்புச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் ஒரு நடுக்கம் மட்டும் தெரியும்.

343.

“குறைஞ்சிடுச்சு” என்றாள் சிஹிரோ.

உமெத்தானி கணினியில் பாதியில் நின்ற கடிதத்தைப் பார்த்தார். மாலைக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

மினேகோ மட்டும் சிஹிரோவின் கைப்பேசியை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். மஞ்சள் மீசையைத் தாண்டி, இலையைத் தாண்டி, விளிம்பு வரைக்கும். “சென்செய், மாவு இலை முழுக்க இல்ல. ஒரே கோடு. விளிம்புலகூட இல்ல, அரை விரல்கடை உள்ள தள்ளி. நான் மொத்தமாப் பூசினது தப்பு.”

“அப்ப டேப் ஒட்டி உரிச்சு மறுபடி பண்ணலாம்.”

“இப்ப ஒட்டி இப்ப உரிச்சா பசை மிஞ்சாது. நாலு நாள் இருக்கணும். இருபத்தொண்ணு செவ்வாய்க்கிழமை.”

“செவ்வாய்க்குச் செவ்வாய்க்கிழமை” என்றாள் சிஹிரோ. யாரும் சிரிக்கவில்லை.

உமெத்தானி எழுந்து போய் ஜன்னலருகே நின்றார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நாலு நாள் காத்திருந்தும் எண் வராவிட்டால், குழு வருகிற நாளில் கையை விரிக்க வேண்டியிருக்கும். இன்றே எழுதினால் மரியாதையாவது மிஞ்சும். திரும்பி வந்து கணினித் திரையை மூடினார். “ஒட்டுங்க” என்றார்.

அன்றே மாவைத் துடைத்துவிட்டு டேப்பை ஒட்டியபின், நான்கு நாளும் மினேகோ இலைகளின் பக்கம் போகவில்லை. ஐந்தாம் எண், ஆறாம் எண் விசிறிகளின் முன்விளிம்புகளைப் பெரிதாக்கும் கண்ணாடியில் வைத்து அளந்து, நாட்காட்டித் தாளில் வரைந்துகொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை டேப்பை உரித்தார். இழை சுற்றிப் பழகிய விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கோடு, லேசாகப் பிசுபிசுத்தது. வடிகட்டியை உயரத்தில் பிடித்து ஒரு தட்டு மட்டும் தட்டினார். ஒட்டாத மாவை ஊதிவிட்டார். பதிவேட்டை எடுத்து, ‘மாற்றங்கள்’ கட்டத்தில் எழுதினார்: ‘இரண்டு இலைகளிலும், முன்விளிம்பிலிருந்து அரை விரல்கடை தள்ளி, டேப் பசையின் மேல் கினாக்கோ.’ உமெத்தானி அதைப் படித்துவிட்டு, ‘நுண்துகள்’ என்று எழுதலாமே என்றார்.

“போன தடவ எதுவும் இல்லைன்னு எழுதித்தானே இவ்வளவும்” என்றார் மினேகோ.

உமெத்தானி கையெழுத்துப் போட்டார்.

பம்பு ஓடியது. மூன்று பேரும் இரும்புச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். நடுக்கம் வந்தது. சிஹிரோ திரையைப் படித்தாள். “370... 388... நில்லுங்க... 409.”

உமெத்தானி இரும ஆரம்பித்தார். உண்மையாகவே இருமல்தான்.

24ஆம் தேதி வந்த குழுவில் நான்கு பேர். பதிவேடு மேசைமேல் திறந்தே இருந்தது. குழுத் தலைவியான வயதான பெண்மணி அந்தக் கட்டத்தைப் படித்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“கினாக்கோவா? சர்க்கரை போட்டதா, போடாததா?”

“போடாதது” என்றார் உமெத்தானி, முகத்தில் எதையும் காட்டாமல்.

“யார் கண்டுபிடிச்சது?”

உமெத்தானி பக்கத்தில் கையைக் காட்டினார். மினேகோ எல்லாவற்றையும் சொன்னார்: துடைத்ததை, கையெழுத்திட்டதை, வாளியிலிருந்த துணியை, 343ஐ. இருமலைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ‘ஒருவர்’ என்றார். சிஹிரோ குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டாள். குழுவின் கண்முன்னே விசிறியை இரண்டு முறை சுழற்றினார்கள். 409, 411. பிறகு மினேகோ சிவப்பு நூல் துணியால் இலைகளைத் துடைத்தார்; 360. எண்ணை வரவழைக்கவும் போகவைக்கவும் முடிகிறது என்பதுதான் குழுவுக்குப் போதுமானதாக இருந்தது. பலூனில் இடம் தந்தார்கள். ஒரே நிபந்தனை: கோடைக்குள் கினாக்கோவுக்குப் பதிலாக, தின்ன முடியாத ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும் என்பதால் மினேகோவின் பெயர் மார்ச் 31ஐத் தாண்டிப் போனது. விதியை மீறியதற்கு அவர் ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. தொட்டி அறைக்குள் உணவு கொண்டுவந்ததற்கு உமெத்தானி இன்னொன்று எழுதினார். அதை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் தன் இழுப்பறையிலேயே வைத்துக்கொண்டார்.

விடைபெறும் நேரத்தில் குழுத் தலைவி, கேள்வி ஏதாவது இருக்கிறதா என்று வழக்கப்படி கேட்டார். மினேகோ கையைத் தூக்கினார்.

“செவ்வாயில புழுதிப் புயல் அடிக்குமாமே. அந்தப் புழுதி தானா வந்து இலைமேல உக்காந்தா, நல்லதா கெட்டதா? ஒரு கோடா உக்காந்தா 409. மொத்தமா உக்காந்தா 343. பாதி உக்காந்தா?”

குழுத் தலைவி கையில் எடுத்த மேலங்கியை மறுபடி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

“தெரியாது” என்றார். “உங்ககிட்ட மெல்லிய புழுதி இருக்கா?”

பெருந்துப்புரவுத் துணிகள் இன்னும் புழுதியோடு துவைக்காமல் கிடந்த வாளியை எடுக்கப் போனாள் சிஹிரோ.